டேலி பிரைமின் ‘பேமெண்ட் அட்வைஸ்’: கீழமாசி வீதிக் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

மதுரை கீழமாசி வீதியில் உள்ள ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும், போடியிலிருந்து ஏலக்காயும், ஈரோட்டிலிருந்து மஞ்சளும், சிவகாசியிலிருந்து அச்சிட்ட அட்டைப் பெட்டிகளும் எங்களுக்கு வருகின்றன. ஏறத்தாழ எழுபது பேரிடம் சரக்கு எடுக்கிறோம். அத்தனை பேருக்கும் பணம் அனுப்புவதும், அனுப்பியதைத் தெரிவிப்பதும் என் பொறுப்பு. இந்த இரண்டாவது வேலைக்காக டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் உள்ள ‘பேமெண்ட் அட்வைஸ்’ என்ற வசதியை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மென்பொருள் முழுவதையும் இங்கே மதிப்பிடவில்லை. எந்தெந்தப் பில்லுக்காக எவ்வளவு பணம் அனுப்பினோம் என்று சரக்கு தந்தவருக்குச் சொல்லும் அந்த ஒரு கடிதத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

காசோலையிலேயே பணம் கொடுத்துவந்த காலத்தில் இந்தக் கடிதம் தானாகவே உடன் சென்றது. காசோலையின் தலைப்பில் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தி, பில் எண், தேதி, கழிவு, நிகரத் தொகை ஆகியவற்றைக் கணக்குப்பிள்ளை கையால் எழுதி, லாரி ஆபீஸ் வழியாகவோ கூரியரிலோ அனுப்புவார். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்ற முறைகள் வந்த பிறகு பணம் விரைவாகப் போய்ச் சேர்ந்தது. சீட்டு மட்டும் நின்றுபோனது. வங்கிப் பட்டியலில் எங்கள் கடையின் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் தொகையும் தவிர வேறொன்றும் இராது. எங்களைப் போல இருநூறு கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு பருப்பு மில்லின் கணக்காளர் அதை வைத்துக்கொண்டு எந்தப் பில்லை அடைப்பார்? பொதுக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். அந்த நேரம் பெரும்பாலும் ஆண்டு முடிவில்தான் அவருக்குக் கிடைக்கும்.

எங்களுக்கே அப்படி ஒன்று நேர்ந்தது. ஒரு மில்லிலிருந்து வந்த உளுந்தில் தரக் குறைவு இருந்ததால், 58,000 ரூபாய்ப் பில் ஒன்றை இரு தரப்பும் பேசி முடிக்கும்வரை நிறுத்தி வைத்திருந்தோம். அதன் பிறகு வந்த இரண்டு பில்களுக்கு 3,10,000 ரூபாயை ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பினேன். எந்தப் பில்லுக்கு என்று தெரிவிக்கவில்லை. அவர்கள் முதலில் அந்தப் பழைய 58,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதியைப் புதிய பில்களுக்கு வரவு வைத்தார்கள். அவர்கள் பேரேட்டில் புதிய பில் நிலுவையாக நின்றது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எங்களுக்கு ஏற்ற வேண்டிய லோடு ஏற்றப்படவில்லை. தொலைபேசியில் கேட்டபோது அங்கிருந்த பெரியவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: “தம்பி, பணம் வந்துச்சு, இல்லேங்கல. எதுக்குன்னு நீங்க சொல்லலையே.”

அவர் சொன்னது சட்டப்படியும் சரி என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 59ஆம் பிரிவு முதல் 61ஆம் பிரிவு வரை, இதைப் பற்றியே பேசுகிறது. பல தனித்தனிக் கடன்களைத் தர வேண்டியவர், இந்தக் கடனுக்காக இந்தப் பணம் என்று தெரிவித்துக் கொடுத்தால், பெற்றுக்கொள்பவர் அதற்கே அதை வரவு வைக்க வேண்டும். தெரிவிக்காமலும், சூழ்நிலையிலிருந்தும் புலப்படாமலும் கொடுத்தால், சட்டப்படி நிலுவையில் உள்ள எந்தக் கடனுக்கும், காலாவதியான கடனுக்கும்கூட, அவர் தம் விருப்பப்படி அதை வைத்துக்கொள்ளலாம். இரு தரப்பும் ஒதுக்காவிட்டால் தேதி வரிசைப்படி பழையதிலிருந்து அடைபடும். ஆகவே பணம் அனுப்பியதைத் தெரிவிப்பதை மரியாதைக்காகச் செய்யும் உபசாரமாக நான் கருதுவதில்லை; எந்தக் கடன் தீர வேண்டும் என்று சொல்லும் உரிமையை நாம் பயன்படுத்திக்கொள்ளும் இடமாகவே பார்க்கிறேன்.

இனி வசதிக்கு வருகிறேன். டேலி பிரைமின் முகப்பில் ‘பேங்கிங்’ என்ற பகுதிக்குள் ‘பேமெண்ட் அட்வைஸ்’ இருக்கிறது. வங்கியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வங்கியிலிருந்து பணம் போன பதிவுகள் வரிசையாக வருகின்றன. வேண்டியவற்றைத் தேர்ந்து அச்சிடலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். கடிதத்தில் சரக்கு தந்தவரின் பெயர், முகவரி, பில் விவரம், தொகை, பணம் சென்ற வழி ஆகியவை இருக்கும். தோற்றத்தில் எளிமையான கடிதம்தான். ஆனால் அந்தப் பழைய சீட்டில் இருந்த எல்லாமே அதில் இருக்கின்றன.

அது தானாக நன்றாக வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சரக்கு தந்தவரின் கணக்கில் பில்வாரியாக நிலுவை வைக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருக்க வேண்டும். எஃப்5 அழுத்திப் பணப் பதிவு போடும்போது ஒவ்வொரு தொகையையும் ‘அகைன்ஸ்ட் ரெஃப்’ (இன்ன பில்லுக்காக) என்று குறித்து, உரிய பில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் ‘ஆன் அக்கவுண்ட்’ (பில் குறிக்காமல் பொதுக் கணக்கில்) என்று போட்டுவிட்டால் கடிதமும் அதையேதான் சொல்லும். அப்படி ஒரு கடிதத்தை அனுப்புவதற்கும் அனுப்பாமல் இருப்பதற்கும் வேறுபாடு இல்லை. எங்கள் கடையில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவர இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் இந்த வசதியால் எங்களுக்குப் பயன் எதுவும் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

பில் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. சரக்கு வந்து இறங்கியதும் எங்கள் கடையில் ஒரு வரத்து எண் போடுவது வழக்கம். முன்பு கொள்முதல் பதிவிலும் அந்த வரத்து எண்ணையே நிலுவைக் குறிப்பாக வைத்திருந்தோம். கடிதம் போனது, மில்லில் இருப்பவர் “வரத்து 1187” என்பதைப் பார்த்து என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்தது அவர் போட்ட பில் எண் மட்டுமே. ஜிஎஸ்டி விதி 46இன்படி ஒரு பில்லின் தொடர் எண் அதிகபட்சம் பதினாறு எழுத்துகள். எழுத்து, எண், சாய்கோடு, இடைக்கோடு என எல்லாம் அதில் கலந்து வரலாம். அந்தப் பதினாறையும், சாய்கோடு எங்கே விழுகிறது என்பது உட்பட, அவர் பில்லில் உள்ளபடியே பதிய வேண்டும் என்பது இப்போது எங்கள் கடையின் கட்டாய விதி. ஆண்டுக் குறியை விட்டுவிட்டு வெறும் 412 என்று பதிந்தால், சென்ற நிதியாண்டின் 412ஆம் பில்லும் அவருடைய பேரேட்டில் இருக்கக்கூடும்.

மளிகை வியாபாரத்தில் பில் தொகையும் அனுப்பும் தொகையும் ஒன்றாக இருப்பது அரிது. எடைக் குறைவு, கிழிந்த மூட்டை, விலை வித்தியாசம், தரகு, டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ஏதேனும் ஒன்று கழியும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். 412ஆம் பில், துவரம் பருப்பு ஐம்பது கிலோ மூட்டையில் ஐம்பது, கிலோ 110 ரூபாய் வீதம் 2,75,000 ரூபாய். 427ஆம் பில், உளுந்தம் பருப்பு 1,500 கிலோ, கிலோ 100 ரூபாய் வீதம் 1,50,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,25,000. முதல் லோடில் எடை மேடையில் 12 கிலோ குறைந்ததால் 1,320 ரூபாய் கழிகிறது. ஒரே தரப்பிடம் ஆண்டுக் கொள்முதல் 50 லட்சத்தைத் தாண்டிய பிறகு, 10 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ள வாங்குநர் 0.1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்ற விதி 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த வகையில் 425 ரூபாய். மில்லின் வங்கிக் கணக்கில் போய் விழுவது 4,23,255 ரூபாய். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவரால், எந்தக் கூட்டல் கழித்தலில் இது வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. 1,745 ரூபாய் ஏன் குறைந்தது என்று கேட்டு ஒரு தொலைபேசி, பதில் தேடி ஒரு மணி நேரம், மறுபடியும் ஒரு தொலைபேசி என்று நாள் போகும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, கழிவு ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு எண் கொடுப்பது. எடைக் குறைவுக்கு ஒரு டெபிட் நோட் (கழிவைத் தெரிவிக்கும் பற்றுக் குறிப்பு) போட்டு, அதற்குத் தனி எண் வைக்கிறோம். டிடிஎஸ் பதிவுக்கும் அவ்வாறே. பணப் பதிவு போடும்போது இரண்டு பில்களையும் ஒரு பக்கமும், இந்தக் கழிவுகளை எதிர்ப்பக்கமும் தேர்ந்தெடுத்தால், நிகரத் தொகை சரியாக 4,23,255 என்று வந்து நிற்கும். கடிதத்தில் நான்கு வரிகளும் தனித்தனியாக வரும். மில்லின் கணக்காளர் அதைப் பார்த்து அப்படியே தம் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு, பணம் குறைந்ததைப் பற்றி வரும் அழைப்புகள் எங்களுக்கு ஏறத்தாழ நின்றுவிட்டன. எடைக் குறைவை ஏற்காதவர்கள் அழைக்கிறார்கள், ஆனால் அவர்கள் 12 கிலோவைப் பற்றிப் பேசுகிறார்கள். எடை மேடைச் சீட்டைக் காட்டிப் பேசி முடிக்க முடிகிறது. இந்த வசதியில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

எப்போது அனுப்புவது என்பதில் நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். பணப் பதிவை டேலியில் போட்ட உடனேயே கடிதத்தை அனுப்பிவிடுவேன்; வங்கித் தளத்தில் அனுமதி கொடுப்பது முதலாளி, அவர் மாலையில்தான் பார்ப்பார். ஒருமுறை காலையில் கடிதம் போய்விட்டது. பணம் மாலையில் போய், இரண்டு வங்கிகள் ஒன்றானபோது மாறிப்போன பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணின் (வங்கிக் கிளையைக் குறிக்கும் எண்) காரணமாகத் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் காலையில் அந்த வியாபாரி எங்கள் கடிதத்தைக் காட்டித் தம் வங்கியில் விசாரித்துக்கொண்டிருந்தார். பணம் வந்துவிட்டது என்று நம்பி அவர் வேறொருவருக்குத் தேதி சொல்லியிருந்தார் என்பதை அறிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பணத்துக்கு முன்னால் போகும் கடிதம் ஒருவரை இப்படித்தான் சிக்க வைக்கும்.

அன்றிலிருந்து, யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்) கைக்கு வந்து அதைப் பதிவில் ஏற்றிய பிறகே கடிதம் போகிறது. ஆர்டிஜிஎஸ் என்றால் அந்த எண் 22 எழுத்து. நெஃப்ட் என்றால் 16. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் உள்ள தொகை எங்களிடமிருந்து ஆர்டிஜிஎஸ்ஸில் செல்கிறது. அதற்குக் கீழே நெஃப்ட். நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன என்றாலும், நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகத்தான் செல்கிறது. வரவு வைக்க முடியாத பணத்தைத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே நெஃப்ட் பணத்துக்கான கடிதங்களை மட்டும் மூன்று மணி நேரம் பொறுத்து அனுப்புகிறேன். எங்கள் அலுவலகத்தில் யுடிஆர் எண்ணைக் கையால்தான் ஏற்றுகிறோம். ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கிறோம்.

அனுப்பும் வழியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மின்னஞ்சல் போதுமானது. ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2022 மே 30 முதல் இப்படிப்பட்ட வெளி மென்பொருள்களில் சாதாரணக் கடவுச்சொல்லை ஜிமெயில் ஏற்பதில்லை, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுத்துக் கொடுக்க வேண்டும். 2023இல் வந்த டேலி பிரைம் 4.0 பதிப்பிலிருந்து வாட்ஸ்அப்பிலும் அனுப்ப முடிகிறது. அதற்கு வணிக வாட்ஸ்அப் எண்ணைத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாங்கள் அதை எடுக்கவில்லை. கடிதத்தைக் கோப்பாக எடுத்து, கடையின் கைபேசியிலிருந்தே அனுப்பிவிடுகிறோம். கடிதம் ஆங்கிலத்தில் இருப்பதால், அதனோடு “412, 427 பில்களுக்கு இன்று அனுப்பியுள்ளோம், எடைக் கழிவு 1,320 போக, சரிபார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி” என்று தமிழில் ஒரு வரியைச் சேர்க்கிறேன். கடிதத்தை அவர்கள் கணக்குப் பிரிவு பார்க்கிறது. அந்த வரியை மில் முதலாளியே படிக்கிறார்.

ஸோஹோ புக்ஸ் போன்ற பிற மென்பொருள்களிலும் பணம் செலுத்திய பதிவிலிருந்தே சரக்கு தந்தவருக்கு மின்னஞ்சல் அனுப்ப முடியும். புதிதாகத் தொடங்குபவர் எதையும் தேர்ந்துகொள்ளலாம். ஆண்டுக் கணக்கில் டேலியில் பழகியவர், இந்த ஒரு வசதிக்காக மாற வேண்டிய தேவை இல்லை.

சட்டத்தின் இன்னொரு பக்கமும் இந்தக் கடிதத்துக்கு மதிப்பைக் கூட்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும்; தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்த பிறகு, அந்தக் கெடுவைத் தாண்டிய நிலுவையை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்றாகிவிட்டது. எங்களுக்குச் சரக்கு தரும் பருப்பு மில்களும் சிவகாசி அச்சகங்களும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருபவர்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்துவதில்லை. மார்ச் மாதக் கடைசியில் தணிக்கையாளர் கேட்பது, இந்தப் பில்லுக்கான பணம் எந்தத் தேதியில் போனது என்பதைத்தான். பில் எண்ணும் யுடிஆரும் தேதியும் ஒரே தாளில் இருக்கும் கடிதத்தை எடுத்து வைத்தால் பேச்சு முடிந்துவிடுகிறது. பொதுக் கணக்கில் போட்ட பணத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

மோசடி விஷயத்தில் எச்சரிக்கையாக இருப்பதும் கணக்கரின் வேலை. சரக்கு தருபவரின் பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்பி, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று கேட்டுப் பணத்தைப் பறிப்பது இன்று பரவலான குற்றம். அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், நாங்கள் பழைய தொலைபேசி எண்ணில் அழைத்து, குரல் தெரிந்தவரிடம் கேட்ட பிறகே மாற்றுகிறோம். 2025 ஏப்ரல் 1க்குள், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதையும் ஒவ்வொரு புதிய கணக்குக்கும் பயன்படுத்துகிறோம். இவற்றோடு, நாங்கள் சேர்க்கும் தமிழ் வரியில் வங்கியின் பெயரையும் கணக்கின் கடைசி நான்கு எண்களையும் எழுதிவிடுகிறேன். பணம் தவறான கணக்குக்குப் போயிருந்தால், மறுநாளே மில்லிலிருந்து அழைப்பு வரும். இணைய மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்வதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதால், பணம் எங்கே போனது என்பதை உடனே அறிவிப்பது நமக்கும் பாதுகாப்பு. அதே காரணத்தால், எங்களுக்கு வரும் ‘பேமெண்ட் அட்வைஸ்’ என்ற தலைப்புள்ள அறிமுகமற்ற இணைப்புகளை நாங்கள் திறப்பதில்லை. வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே கடிதத்தைப் பார்க்கிறோம்.

பத்துப் பேரிடம் மட்டும் சரக்கு எடுக்கும் சிறிய கடைக்கு இந்த ஏற்பாடு தேவையா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பில் எண், கழிவு, நிகரத் தொகை, யுடிஆர் ஆகிய நான்கையும் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினாலே அவர்களுக்குப் போதும். முப்பது பேரைத் தாண்டினால் கையால் எழுதுவதில் எண் பிசகும். அப்போது பதிவிலிருந்தே கடிதம் எடுப்பது நல்லது. டேலி ஏற்கெனவே இருப்பவருக்கு இதற்கெனத் தனிச் செலவு இல்லை. பதிவில் ஒழுங்கு இருந்தால் இந்த வசதிக்கு நான் நிறைவான மதிப்பெண் தருவேன். ஒழுங்கு இல்லாத கடையில் இதற்கு மதிப்பெண் போட வழியே இல்லை.

மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வைத்துக்கொள்ளாத பெரியவர் ஒருவர் எங்களுக்குத் தரகராக இருக்கிறார். மூன்று மில்களின் கணக்கை அவர்தான் பேசி முடிப்பார். சனிக்கிழமை மாலையில் கடைக்கு வருவார். அவருக்கான கடிதங்களை அச்சிட்டு எடுத்து வைத்திருப்பேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில் எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்து, கழிவு வரியில் மட்டும் நின்று ஒரு கேள்வி கேட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விருதுநகர் பேருந்துக்குக் கிளம்புவார்.